கடை காட்ட வந்தவன்

பட்டறைச் சந்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். யார் கடை என்றுதான் கேட்பார்கள். ஜீப்பிலிருந்து கையில் விலங்கோடு ஒருத்தனை இறக்குவார்கள். அவன் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்ப்பான். ஏதாவது ஒரு கடையைப் பார்த்து விரலை நீட்டுவான். அவ்வளவுதான், அந்தக் கடைக்காரர் திருட்டு நகை வாங்கியவர் ஆகிவிடுவார். மதுரை தெற்கு மாசி வீதிக்குள் ஒடுங்கிக் கிடக்கிற அந்தச் சந்தில் இதற்குப் பெயரே வைத்திருந்தார்கள், 'கடை காட்டுறது' என்று. கரண்டு போவது மாதிரி அதையும் ஒரு நடப்பாக எடுத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார்கள். இதென்ன வெட்கங்கெட்ட பிழைப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூற்றேழு ஆடியில் அந்த விரல் ராமதாஸ் கடைப் பக்கம் நீண்டது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய பட்டுச்சேலை வாங்கி, சரிகையை உருக்கி வெள்ளி பிரிக்கிற கடை. அவர் அப்பா காலத்தில் அது மட்டும்தான் நடந்தது. ராமதாஸ் தலையெடுத்த பிறகு பழைய வெள்ளி, பழைய தங்கம் என்று கொஞ்சம் சேர்ந்துகொண்டது. மத்தியானத்துக்கு மேல் அவர் மனைவி சீதாலட்சுமி வந்து கல்லாவில் உட்காருவாள். நகை விற்க வருகிற பெண்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படியேறுவார்கள், ஆம்பளை முகத்தைப் பார்த்து விலை பேச அவர்களுக்கு நா எழாது. ராமதாஸ் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து அவளுக்கு வாய் இருந்தது. வீட்டில் பேசுவதெல்லாம் சௌராஷ்டிரம், திட்டுவதற்கு மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். காரம் அதில்தான் எடுபடும் என்பாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவனுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒரு காலை ஊன்ற முடியவில்லை. உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளை எல்லாம் தாண்டி நொண்டி நொண்டி வந்தவன் ராமதாஸ் கடை போர்டைப் பார்த்து நின்றான். கல்லாவில் இருந்த சீதாலட்சுமியைப் பார்த்தான். சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு விரலை நீட்டினான். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு ஓடியது. நின்று யோசிக்க யார் விட்டார்கள்? ஏட்டு முத்திருளன் அதற்குள் ராமதாஸின் சட்டைக் காலரைப் பிடித்துப் படியிறக்கிவிட்டார்.

விஷயம் இதுதான். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ரோடு காண்டிராக்டர் வீட்டில் பூட்டை உடைத்து நகை போய்விட்டது. காண்டிராக்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை, அவர் போன் போட்டால் பெரிய பெரிய இடங்களில் எடுப்பார்கள். சீக்கிரம் ஆளைக் கொண்டுவா என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். திருடனைத் தேடுவது வேறு, ஆளைக் கொண்டுவருவது வேறு. தேடினால் நாள் ஆகும், உடம்பு வணங்க வேண்டும். அடுத்த தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களை வரிசையாக நிறுத்தி எந்த ஊர் எந்த ஊர் என்று கேட்டார்கள். கொத்தனாருக்குக் கையாளாக நின்ற கருத்தக்கண்ணன், எழுமலைப் பக்கம் என்றான். விசாரணை அந்த இடத்தில் முடிந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பக்கத்து ஆம்பளைகள் ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தான். பிறந்த வீட்டை வைத்தே திருடன் என்று எழுதிவைத்த சட்டம். அவனும் போனான், அந்தச் சட்டமும் போனது. சட்டம் போய் என்ன, எழுமலை என்றதும் முகத்தை ஏற இறங்கப் பார்க்கிற பார்வை போகவில்லையே. வீடு வாடகைக்கு விடுகிறவன் பார்க்கிறான், வேலைக்கு வைக்கிறவன் பார்க்கிறான், போலீஸ்காரன் மட்டும் பார்க்காமல் இருப்பானா? கருத்தக்கண்ணனை முன்பே ஒரு தடவை சந்தேகக் கேஸில் பிடித்தார்கள், ஆதாரம் இல்லை என்று கோர்ட்டு விட்டது. விட்டது யாருக்கும் ஞாபகம் இல்லை, பிடித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

ஸ்டேஷனில் ராமதாஸை ஜட்டியோடு தரையில் உட்கார வைத்திருந்தார்கள். ஊரில் மதிப்பாக நடமாடிய மனுஷன், கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஜீப் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்த சீதாலட்சுமி குனிந்து தங்கள் பாஷையில், அடித்தார்களா என்று மெதுவாகக் கேட்டாள். தமிழ்ல பேசும்மா, ரகசிய பாஷை எல்லாம் இங்க வேணாம் என்றார் முத்திருளன். அடி வாங்கினீர்களா என்று புருஷனைக் கேட்பதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று அவளுக்கு வாய்வரை வந்தது. புருஷன் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

நகை வியாபாரிகள் சங்கச் செயலாளர் பாலகணேஷ் அதற்குள் இன்ஸ்பெக்டரோடு காபி குடித்து முடித்திருந்தார். இந்த மாதிரி நேரத்தில் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் தங்கம் கிள்ளி எடுத்து, மொத்தமாக 'ரெகவரி', அதாவது திருடனிடமிருந்து மீட்டது என்று போலீஸ் கையில் வைத்துவிடுவார்கள். போலீஸுக்குக் கேஸ் முடியும், கடைக்காரர் ஜெயிலுக்குப் போகாமல் தப்புவார். ராமதாஸைத் திருட்டு நகை வாங்கிய குற்றவாளியாகச் சேர்க்காமல், தெரியாமல் வாங்கிவிட்ட சாட்சியாகச் சேர்ப்பார்கள். இது எல்லாம் பாலகணேஷ் வழக்கம்போலப் பேசி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் இந்தத் தடவை அது போதவில்லை.

"உருக்குன தங்கத்தக் கோர்ட்டுல வச்சா ஜட்ஜு சிரிப்பாரு. நகையா வேணும்" என்றார். "காண்டிராக்டர் சம்சாரம் கல்லு வச்ச அட்டிகை ஒண்ணு போயிருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு. உங்க வீட்டுல இல்லாமயா இருக்கும்?"

இருந்தது. சீதாலட்சுமியின் கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. சிவப்புக்கல் அட்டிகை. கொக்கி மட்டும் ஆரம்பத்திலிருந்தே முரண்டு. ஆசாரி கொடுத்தபோதே அப்படித்தான். இடது பெருவிரல் நகத்தை அடியில் விட்டு, மேலே நெம்பி, நெம்பியபடியே உள்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். மாற்றிக்கொள்ளலாம் என்று ராமதாஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நகைக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு நல்ல கொக்கி வாய்க்காது என்று சிரிப்பாள், மாற்ற மாட்டாள். அந்த அட்டிகையைப் பீரோவிலிருந்து எடுத்து வந்து இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மேடத்துக்குப் புடிக்கும் என்றார். அட பாவி என்று அவள் மனசுக்குள் சொன்னாள். ராமதாஸ் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். இந்த அட்டிகையை எனக்கு விற்றவன் கருத்தக்கண்ணன் என்று அதில் எழுதியிருந்ததை அவர் படிக்கவே இல்லை.

வெளியே வரும்போது, அப்ப அசல் திருடன் யாருண்ணே என்று ஏட்டைக் கேட்டாள். முத்திருளன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தனக்கும் ஊர் எழுமலைப் பக்கம்தான் என்றார். இந்தக் காக்கியைக் கழற்றி வைத்தால் தன்னையும் அவனோடு வரிசையில் நிறுத்துவார்கள் என்றார். அதனால்தான் அவனை இன்னும் நாலு அடி சேர்த்து அடித்தாரோ என்னவோ, அதை அவர் சொல்லவில்லை.

போனது போகட்டும், தலைக்கு வந்தது அட்டிகையோடு போயிற்று என்று வீட்டில் ஒரு பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டார்கள். இத்தனை வருஷமாகச் சந்துக்காரர்கள் எல்லோரும் செய்துவந்த தப்பு அதுதான். போலீஸிடம் கொடுத்த தங்கம் போலீஸ்காரன் பையோடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அங்கே இருந்து எங்கே போகிறது என்று ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் பார்க்க நேர்ந்தது தை மாதத்தில். திருப்பரங்குன்றத்தில் அன்றைக்கு ஏகப்பட்ட முகூர்த்தம். கோவில் வாசலில் மாப்பிள்ளைகளும் மேளக்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள். ராமதாஸுக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் சிவப்புக்கல் அட்டிகை. சீதாலட்சுமி எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தாள். ஓரத்துக் கல் ஒன்று கொஞ்சம் மங்கல், அது முதற்கொண்டு அப்படியே இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் போய்ப் பக்கத்தில் நின்றாள். அட்டிகை அழகா இருக்கு என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கினாள். நாகமலை புதுக்கோட்டைதான், காண்டிராக்டர் மனைவிதான், பெயர் மீனலோசனி. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். இது திருட்டுப் போய்த் திரும்ப வந்த நகை, கேஸ் முடிகிறவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டு கொடுத்திருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது நம்ம போலீஸ் கெட்டிக்காரங்க என்றாள். இது உங்களுடையதேதானா என்று சீதாலட்சுமி கேட்டாள். மீனலோசனி அக்கம்பக்கம் பார்த்தாள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத பெண்களிடம் வந்துவிடுகிற அந்த ஒட்டுதலில் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னுது பச்சக்கல்லு. இன்ஸ்பெக்டர்தான், ம்முன்னு வாங்கிக்கங்கம்மா, விட்டா இதுவும் கெடைக்காதுன்னாரு. திருட்டு நகை வாங்குற கடைக்காரன்ட்டப் புடுங்குனதுதானே, நமக்கென்ன பாவம்?"

அந்தப் பையன் என்ன ஆனான் என்று சீதாலட்சுமி கேட்டாள். எந்தப் பையன் என்று மீனலோசனி திருப்பிக் கேட்டாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

வாய் என்றால் வாய், சந்தே பயப்படுகிற வாய், அன்றைக்கு அவளுக்குத் திறக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது, அதுவும் நகைக்காக இல்லை. அந்தப் பையன்மேல் போலீஸிடம் வேறு என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்த சாட்சி உண்டா, கைரேகை உண்டா, ஒன்றும் கிடையாது. இந்த அட்டிகைதான் இருக்கிறது. புருஷனை மீட்கக் கொடுத்த நகை, இன்னொருத்தி பெற்ற பிள்ளையை உள்ளே தள்ளப் போகிறது. தன் கையாலேயே எடுத்துப்போய் வைத்த ஆதாரம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தன்னைத்தானே தமிழில் திட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சொன்னபோது ராமதாஸ் காதைப் பொத்திக்கொண்டார். சம்மன் வரும், போய் இந்தாள்தான் விற்றான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடப் போகிறேன், அதோடு சனியன் விட்டது என்றார். மாற்றிச் சொன்னால் பொய் சாட்சி என்று நம்மைப் பிடிப்பார்கள், நம்ம மகள் ஸ்ரீவர்ஷினி காலேஜுக்குப் போகிறாள், அவள் வாழ்க்கை என்ன ஆவது என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். மகள் பெயரை எடுத்ததும் சீதாலட்சுமியும் வாயை மூடிக்கொண்டாள். அப்படியே கொஞ்ச மாதம் ஓடியது.

சம்மன் வந்த வாரத்தில் ஒரு கிழவி கடைப் படியேறினாள். காது இரண்டும் தோளைத் தொடுகிற மாதிரி தொங்கியது, காதில் ஒன்றும் இல்லை. எதிரே ஜூஸ் கடை ஓரமாக ஒருத்தன் நின்றான். சாட்சியோடு பேசினால் கிடைத்த ஜாமீனும் ரத்தாகிவிடும் என்று படியேறாமல் நின்றான் போல. ஒரு காலை இன்னமும் தூக்கித்தான் வைத்திருந்தான். அந்த வெறுங்காதையும் அந்த முகத்தையும் சேர்த்துப் பார்த்ததும்தான் சீதாலட்சுமிக்குப் பளிச்சென்று எல்லாம் வந்தது. முன்னே ஒரு மழைக்காலத்தில் இதே கிழவி, தங்கப்பொண்ணு, மகனோடு இந்தப் படியேறித் தன் தண்டட்டியைக் கழற்றி வைத்தாள். முதல் சந்தேகக் கேஸில் வக்கீலுக்குக் கொடுக்க. காதிலிருந்து கழற்ற முடியாமல் அவள் திணறியதைப் பார்த்து, சீதாலட்சுமி தானே எழுந்து போய்க் கழற்றிவிட்டாள். சேதாரம், அழுக்கு என்று எதையும் பிடிக்காமல் முழு விலை போட்டுக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

தங்கப்பொண்ணு உட்காரவில்லை. எதையும் கேட்கவும் வரவில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தேன் தாயி வந்தேன். ஒரு கடையக் காட்டுடான்னு கால்லயே அடிச்சிருக்காக. எம்மகனுக்கு இம்புட்டுப் பெரிய ஊருல தெரிஞ்ச நகைக்கடை இது ஒண்ணுதேன். வேற கடைப்படி அவன் மிதிச்சதில்ல."

சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். போறேன் தாயி என்று இறங்கிப் போய்விட்டாள். சீதாலட்சுமி கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதென்ன உலகம்? அடித்துப் பிடுங்கினவன் கேட்கவில்லை, அடுத்தவள் நகையை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவள் கேட்கவில்லை, கிள்ளிக் கொடுத்துக் கொடுத்தே இந்த வழக்கத்தை வளர்த்துவிட்ட சங்கம் கேட்கவில்லை. நியாயமான விலை கொடுத்ததால் வந்த வினை என்று இவள் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். ராமதாஸ் தராசைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார். அவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கோர்ட்டில் அன்றைக்கு நல்ல கூட்டம். கருத்தக்கண்ணன் கூண்டில் நின்றான். சட்டப்படி அவனுக்கென்று கொடுத்திருந்த இலவச வக்கீல் அவன் பெயரை ஒரு தடவை தாளைப் பார்த்துத்தான் சொன்னார். முதல் சாட்சி மீனலோசனி. அட்டிகையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பையில் வைத்து எடுத்துவந்தால் எவனாவது அடித்துவிடுவான் என்று பயம். திருட்டுப் போனது இந்த நகைதானா என்று அரசு வக்கீல் கேட்டார். ஆமாங்க என்றாள். கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார்கள்.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். கொக்கி வரவில்லை. வீட்டில் வேலைக்காரப் பெண் அரை மணி நேரம் போராடி மாட்டிவிட்டது, அதைக் கழற்றுகிற விதம் இவளுக்கு எங்கே தெரியும்? இழுத்தாள், திருகினாள், கழுத்து சிவந்தது. பெண் போலீஸ் ஒருத்தி வந்து முயற்சி பண்ணினாள், அவளாலும் ஆகவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். எவ்வளவு நேரம்மா என்று நீதிபதி கேட்டார். மீனலோசனிக்கு வியர்த்துவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து சீதாலட்சுமி எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் வரவில்லை. கோர்ட்டு டவாலி கையை நீட்டி மறித்தார், கையை ஒதுக்கிவிட்டு நேரே நடந்தாள். மீனலோசனிக்குப் பின்னால் போய் நின்று பின்னலை முன்பக்கம் எடுத்துப் போட்டாள். இடது பெருவிரல் நகத்தை அடியில் விட்டாள், நெம்பினாள், திருப்பினாள். கண்மூடித் திறப்பதற்குள் அட்டிகை அவள் கைக்கு வந்துவிட்டது. அதை மேஜையில் வைத்தாள்.

யாரும்மா நீங்க என்றார் நீதிபதி.

"சாட்சி ராமதாஸோட சம்சாரம்ங்க. என் கல்யாணத்துலேர்ந்து இந்தக் கொக்கிய மாட்டிக் கழட்டுறவ நாந்தாங்க."

உங்களை யாரும் கேட்கவில்லை, போய் உட்காருங்கள் என்று அரசு வக்கீல் கத்தினார். போய் உட்கார்ந்தாள். அடுத்து ராமதாஸைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற மனுஷன் ஒரு தடவை மனைவியைப் பார்த்தார், ஒரு தடவை சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டிருந்த தங்கப்பொண்ணுவின் காதைப் பார்த்தார். இந்த நகையை உங்களிடம் விற்றது யார் என்று கேட்டதற்கு, யாரும் விற்கலைங்க, இது என் வீட்டு நகை, ஸ்டேஷன்ல கேட்டாங்க, பயந்துபோயிக் குடுத்தோம் என்றார். வாயில்லாப் பூச்சிக்கு அன்றைக்கு அவ்வளவு வாய் வந்தது. அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா என்று வக்கீல் குடைந்தார். அப்பச் சொன்னதுதாங்க பொய் என்று கேட்ட தடவையெல்லாம் அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு பட்டதைச் சொல்லவா வேண்டும். பாலகணேஷ் கடைக்கு வந்து, ஒருத்தன் கோர்ட்டில் உண்மையைப் பேசினால் நாளைக்கு எல்லோர் கடையிலும் ஜீப் நிற்கும், கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா என்று ராமதாஸைக் கேட்டார். சங்கத்திலிருந்து பெயரை எடுத்தார்கள். உருக்குகிற பட்டறைக்கு லைசென்ஸ் சரியில்லை என்று ஆள் வந்தது. எதிர்க்கடை யூனுஸ் பாய் மட்டும் முன்போலவே டீ சொல்லி அனுப்பினார், டிசம்பர் ஆறு நெருங்கினால் காரணமே இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் அவர். அட்டிகை கோர்ட்டுப் பொருள் அறையில் கிடந்தது. மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், அது எந்தக் காலத்தில் கைக்கு வருமோ. மீனலோசனியின் பச்சைக்கல் அட்டிகையை எடுத்தவன் எவனோ, அவனை இன்றுவரை ஒருத்தரும் தேடவில்லை.

தீர்ப்பு நாளில் கருத்தக்கண்ணனை விடுதலை என்றார்கள். தங்கப்பொண்ணு அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் சீதாலட்சுமியிடம் வந்து கும்பிட்டான். வெளியே கேன்டீனில் நாலு பேரும் டீ குடித்தார்கள். படியிறங்கி வேப்பமரத்தடிக்கு வந்தால், முத்திருளன் நின்றுகொண்டிருந்தார். ஜீப் பக்கத்திலேயே இருந்தது. திருமங்கலம் ரோட்டில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்திருக்கிறார்கள், சும்மா ஒரு விசாரணை, வந்துவிட்டுப் போ என்று கருத்தக்கண்ணன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் கூடவே நடந்தான். நடந்து பழகிய மாதிரி நடந்தான். அதைத்தான் சீதாலட்சுமியால் தாங்க முடியவில்லை.

முன்னால் போய் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றாள். அடித்தொண்டையிலிருந்து வந்தது குரல். வக்கீல்கள், கட்சிக்காரர்கள், டீக்கடைக்காரன் எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்தத் தடவ எந்தக் கடையக் காட்டணும்னு இப்பவே சொல்லிருங்கண்ணே. அதுக்காக அவன் கால ஒடைக்க வேணாம். நானே முன்னாடி போயிக் கடையத் தெறந்து வைக்கிறேன்."

முத்திருளன் பிடித்த கையை விடவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய் அவனை ஜீப்பில் ஏற்றினார். ராமதாஸ் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார், தங்கப்பொண்ணுவை முதலில் ஏற்றினார். ஸ்டேஷனில் போய் சீதாலட்சுமி கிழவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார் ரைட்டர். இவனை வெளியே விடும்வரை இதுதான் எங்கள் கடை என்றாள் அவள், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு.